வேட்டைத் துப்பாக்கியும் காட்டின் கணக்கும்

நம் குடியிருப்பில் வாழும் குடும்பங்களுக்குத் தோட்டா என்பது கேட்டறியாத பொருளன்று. காலையில் ஆலைச் சங்கு ஒலித்ததும் உணவுத் தூக்கோடு புறப்படும் நம் இல்லத்துப் பெரியவர்களுள் பலர், பித்தளையையும் எஃகையும் வெடிமருந்தையும் நுண்ணிய அளவுகளில் கையாள்பவர்கள். ஜபல்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை 1904-ஆம் ஆண்டில் தோன்றியது. கமேரியா வெடிபொருள் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுந்தது. அவற்றை நாடி அருவங்காட்டிலிருந்தும் ஆவடியிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களே நம் சங்கத்தின் தூண்கள்.

தோட்டா என்றதும் போர்க்களமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள சாத்பூரா, மைக்கல் மலைக்காடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக வேட்டைத் துப்பாக்கிகளின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. எந்தத் துப்பாக்கியைத் தேர்வது, எத்துணை மருந்து இடுவது, எத்தகைய குண்டை வைப்பது என்பன பற்றி வேட்டைக்காரர்கள் நூல்கள் எழுதினர், வாதிட்டனர். அது அவர்களுடைய தனிப்பட்ட விருப்பம் போலவே தோன்றியது. ஆனால் குண்டு உரிய இடத்தில் பாயாமல் விலங்கு புண்பட்டு ஓடியபோது, அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் அல்லர். காட்டோரத்தில் விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் சென்ற ஏழை மக்களே அவ்விலையைக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கையே இக்கட்டுரையில் எடுத்துப் பார்க்க விழைகிறோம்.

மருந்து கெட்டித்த காலம்

ஓர் அம்பு எவ்வளவு ஆழம் பாய வேண்டும் என்னும் கேள்வி வேட்டையைப் போலவே பழமையானது. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பு யானையைக் கடந்து, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, இறுதியில் உடும்பில் சென்று தங்கியதாகக் காண்கிறோம். புலவரின் வியப்பு அது. பிற்காலத்து வேட்டைக்காரரோ குண்டு விலங்கின் உடலைக் கடந்து வெளியே போவதை வீண் என்று கருதினர். குண்டின் விசை முழுதும் விலங்கின் உடலுக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பது அவர்கள் நாடியது.

துப்பாக்கியின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு வெடியும் கையாலேயே கெட்டிக்கப்பட்டது. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பை வைத்து, ஈயக் குண்டை இட்டு, கோலால் இடித்து இறுக்குவார்கள். அம்மருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பொதுவாக வழங்கிய அளவு. வெடியுப்பு மிகுதியாகக் கிடைத்த நாடு நம் நாடே. பீகாரில், பாட்னாவைச் சுற்றிய பகுதிகளில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றது.

துப்பாக்கியின் குழலளவைப் 'போர்' என்னும் சொல்லால் குறிப்பதும் அக்காலத்து வழக்கமே. ஓர் இராத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டைகள் செய்தால் அவற்றுள் ஒன்று எக்குழலுக்குப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். நான்கே உருண்டைகள் செய்தால் நான்கு போர். எனவே எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். மைசூரில் யானை பிடிக்கும் கெட்டா முறையை நடத்திய சாண்டர்சன், நான்கு போர் துப்பாக்கியை யானைக்கும் காட்டெருமைக்கும் பயன்படுத்தியதைத் தம் நூலில் எழுதினார். அந்நூல் 1878-இல் வெளிவந்தது. கால் இராத்தல் ஈயத்தை ஒரே வெடியில் செலுத்தும் அத்துப்பாக்கி, சுடுபவரின் தோளையும் சோதித்தது.

தோட்டா என்பதும் முதலில் வெறும் காகிதச் சுருளே. அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுற்றி வைத்தால் படைவீரன் விரைந்து கெட்டிக்கலாம். சுருளைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். 1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவை அடுத்த தம்தம் பாசறையில், புதிய என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்னும் செய்தி பரவியது. சிப்பாய்கள் தாமே விரும்பும் எண்ணெயையும் மெழுகையும் தடவிக்கொள்ளலாம் என்று அரசு பின்னர் இசைந்தும் ஐயம் தீரவில்லை. அதன்பின் நிகழ்ந்தவை நாடறிந்தவை. தோட்டாவில் என்ன இருக்கிறது என்பது அதைச் செய்தவனுக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

பச்மரிக்கு வந்த ஃபோர்சைத்

நாம் வாழும் இவ்வட்டாரத்துக்கும் வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஃபோர்சைத் என்னும் படைத் தலைவர் 1862-இல் பச்மரிப் பீடபூமிக்கு வந்து ஆய்ந்தார். அங்கே அவர் கட்டிய 'பைசன் லாட்ஜ்' என்னும் மனையைப் பச்மரிக்குச் சுற்றுலா சென்ற நம் குடும்பங்கள் பல கண்டிருக்கும். மத்திய இந்தியாவின் மலைநாட்டைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், அவர் மறைந்த 1871-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கோண்டு, பைகா மக்களின் வாழ்க்கையையும் சால் காடுகளையும் வேட்டையையும் விரித்துரைக்கும் நூல் அது. அதற்கு முன்னரே, 1863-இல், வேட்டை ரைபிளையும் அதன் குண்டுகளையும் பற்றித் தனி நூல் ஒன்றை அவர் இயற்றியிருந்தார்.

அந்நூலில் அவர் எழுப்பிய கேள்வி எளியது. படைக்கென அமைந்த ரைபிள் காட்டுக்குப் பொருந்துமா? படை ரைபிள் பல நூறு கஜத் தொலைவுக்குச் சுடுவதற்கு ஏற்றது. அதன் நீண்ட கனமான குண்டு வில்போல் வளைந்து செல்லும். ஆகவே தொலைவைச் சரியாக மதிப்பிட்டால்தான் குறி தப்பாது. காட்டிலோ விலங்கு புதருக்குள்ளிருந்து திடீரென எழுகிறது. நூறு கஜத்துக்கு உட்பட்ட தொலைவிலேயே பெரும்பாலும் சுட வேண்டியிருக்கிறது. நின்று தொலைவை அளக்க அங்கே நேரமில்லை. எனவே பெரிய குழல், உருண்டைக் குண்டு, மிகுந்த மருந்து என்னும் மூன்றையும் அவர் பரிந்துரைத்தார். அவ்வாறு சுட்டால் குறுகிய தொலைவுக்குக் குண்டு நேர்கோடு போலவே செல்லும்.

இதில் ஓர் இடர் உண்டு. ரைபிளின் குழலுக்குள் திருகுபோல் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளே குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்துபவை. மருந்து மிகுந்தால் மென்மையான ஈயக் குண்டு அவ்வரிகளைப் பற்றாமல் வழுக்கிச் சென்றுவிடும். இதைத் தவிர்க்கவே ஃபோர்சைத் மிகத் தளர்ந்த திருகை விரும்பினார். பதினான்கு போர் குழலுக்கு 8 அடி 8 அங்குலத்தில் ஒரு சுற்று என்பது அவர் கூறிய அளவு. துப்பாக்கியின் குழலோ அதில் மூன்றில் ஒரு பங்கு நீளமும் இராது. ஆகவே குண்டு குழலைவிட்டு வெளிவருமுன் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. ஆயினும் உருண்டைக் குண்டுக்கு அது போதும் என்பதை அவர் காட்டினார்.

ஃபோர்சைத்தின் கணக்கில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. குறுகிய தொலைவில் நின்று, ஒரே வெடியில் விலங்கை வீழ்த்துவதே அவர் நாடிய பயன். விலங்கை நெருங்கிச் செல்ல வேண்டும் என்னும் கட்டாயமே வேட்டைக்காரனுக்கு ஒரு வரம்பாய் இருந்தது.

பித்தளை உறையும் உடைந்த குண்டும்

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வரம்பு நெகிழ்ந்தது. குழலின் அடிப்புறத்தைத் திறந்து இடும் உலோகத் தோட்டா வந்தது. மருந்து, குண்டு, தீமூட்டும் சிறு கேப்பு ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் அடங்கின. கேப்பு அமைப்பில் இருவகை 1866-ஆம் ஆண்டளவில் தோன்றின. ஆங்கிலேயரான பாக்ஸர் அமைத்த வகையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை இருக்கும். சுட்டபின் உட்புறமிருந்து ஓர் ஊசியால் தள்ளினால் பழைய கேப்பு வெளியே விழுந்துவிடும். புதியதைப் பொருத்தி மீண்டும் மருந்து இடலாம். அமெரிக்கரான பெர்டன் அமைத்த வகையில் இரு சிறு துளைகள் பக்கவாட்டில் இருப்பதால் கேப்பை அகற்றுவது கடினம். விந்தை யாதெனில், அமெரிக்கர் பாக்ஸரின் முறையையும் ஐரோப்பியர் பலர் பெர்டனின் முறையையும் கைக்கொண்டதுதான்! இன்றும் தோட்டாவைக் கையால் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருப்பதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

இந்நாட்டிலும் தொலைவான மாவட்டங்களில் வாழ்ந்த அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் உறைகளைச் சேமித்துத் தாமே மீண்டும் நிரப்பிக்கொண்டார்கள். சிறு தராசு, மருந்து அளக்கும் குப்பி, அடைப்பு, உறையின் வாயை மடிக்கும் கருவி ஆகியவை அவர்களுடைய பெட்டியில் இருந்தன. மருந்தின் எடை 'கிரெயின்' என்னும் அளவால் குறிக்கப்பட்டது. ஓர் இராத்தலில் 7,000 கிரெயின்; ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். இத்துணைச் சிறு அளவிலும் பிழை நேரலாகாது என்பதை நம் குடியிருப்பினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதே காலத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்னும் பெயரோடு ஒருவகை ரைபிள் புகழ் பெற்றது. விரைவு ரயிலை நினைவூட்டும் இப்பெயரைப் பர்டி என்னும் துப்பாக்கித் தொழிலாளர் 1856-ஆம் ஆண்டளவில் வழங்கினார் என்பர். குண்டை இலேசாக்கி, மூக்கில் குழிவிட்டு, மருந்தை மிகுத்து வேகத்தைக் கூட்டுவதே இதன் இயல்பு. மானுக்கு இது நன்று. ஆனால் புலியின் தோள் எலும்பிலோ காட்டெருமையின் தடித்த தசையிலோ பட்டால் அக்குழிக் குண்டு மேலோட்டமாகவே சிதறிவிடும். பெரிய புண் உண்டாகும். உயிர்நிலையைக் குண்டு எட்டாது. சாமுவேல் பேக்கர் என்னும் புகழ்பெற்ற வேட்டைக்காரர் இதனை வன்மையாகக் கண்டித்தார். 1890-இல் வெளிவந்த தம் நூலில், மென்மையான திண்ணிய ஈயக் குண்டே ஏற்றது என்று அவர் வாதிட்டார். அது உள்ளே சென்று விரிந்து, மறுபக்கத் தோலுக்கு அடியிலேயே தங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அருவங்காடு தந்த கார்டைட்

கருமருந்தின் காலம் முடியும் தறுவாயில் புகையில்லா மருந்து வந்தது. ஏபல், டியூவர் என்னும் இரு விஞ்ஞானிகள் 1889-இல் உருவாக்கிய கார்டைட், நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் சிறிது வாசலினும் சேர்ந்தது. அது தூளாக இராமல் நூலிழை போன்று இருக்கும். அதனாலேயே அப்பெயர் பெற்றது. அதை இந்நாட்டிலேயே செய்வதற்காக 1903-இல் நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதற்கான மின்சாரம் காட்டேரி அருவியின் நீர்வீழ்ச்சியிலிருந்து கிடைத்தது. நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றின் பாட்டனார்கள் பணியாற்றிய இடம் அது.

புதிய மருந்தின் ஆற்றலை ஓர் ஒப்பீட்டால் அறியலாம். .450 அங்குல விட்டமுள்ள பழைய எக்ஸ்பிரஸ் ரைபிளுக்கு ஏறத்தாழ 120 கிரெயின் கருமருந்து தேவைப்பட்டது. ரிக்பி நிறுவனம் 1898-இல் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவிலோ 70 கிரெயின் கார்டைட் மட்டுமே இருந்தது. அது முன்னைய குண்டினும் மிகக் கனமான 480 கிரெயின் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தியது. புகையும் இல்லை. ஆகவே கையால் நிரப்புவோர்க்குப் புதிய இடர் ஒன்று பிறந்தது. கருமருந்தை உறை நிறையக் கொட்டிப் பழகிய ஒருவர் புதிய மருந்தையும் அவ்வாறே கொட்டினால் துப்பாக்கி அவர் கையிலேயே வெடித்துச் சிதறும்.

வெயிலும் கார்டைட்டுக்குப் பகை. இங்கிலாந்தின் குளிரில் சோதித்த தோட்டா, நம் மே மாத வெயிலில் கிடந்து சூடேறினால் குழலுக்குள் அழுத்தம் மிகும்; உறை இறுகிப் பிடித்துக்கொள்ளும். சீறி வரும் விலங்கின் முன் துப்பாக்கி திறவாமற் போவதைவிடக் கொடிய நிலை வேறில்லை. எனவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்குமென மருந்தைச் சில கிரெயின் குறைத்து, வெப்பநாட்டுத் தோட்டாக்களைத் தனியே விற்றார்கள்.

அரசின் அச்சமும் தோட்டாவின் வடிவை மாற்றியது. .450 அளவு பழைய மார்ட்டினி ஹென்றிப் படைத்துப்பாக்கியின் குண்டளவு. கலகக்காரர் கையில் அது சிக்கிவிடலாகாது என்று, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அவ்வளவு ரைபிள்கள் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டது. உடனே ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளர்கள் .465, .470, .475 என்று சிறிது பெரிய அளவுகளை உருவாக்கினர். உலகெங்கும் யானை வேட்டைக்குப் பெயர்பெற்ற .470 தோட்டா பிறந்தது இந்தியாவின் தடையால்தான். படையின் .303 அளவும் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டதால் .315 அளவு இங்கே பரவியது. பின்னாளில் இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, லீ என்ஃபீல்டு அமைப்பில் அதே .315 வேட்டை ரைபிளைச் செய்தது. நம்மவர் செய்த ரைபிள் அது.

தம்தம் படைக்கொட்டில் தந்த மற்றொரு பொருளையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே 1890-களில் பெர்ட்டி கிளே என்னும் அதிகாரி, மூக்கில் உலோக உறை மூடாத .303 குண்டை உருவாக்கினார். உடலில் பட்டதும் அது விரியும். போரில் அது கொடியது என்று 1899-இல் ஹேக் மாநாட்டின் அறிக்கை விலக்கியது. வேட்டையிலோ அதே தத்துவம் நிலைத்தது. மெல்ல மெல்ல மாய்வதைவிட உடனே மாய்வது விலங்குக்கு நன்று என்பது வேட்டைக்காரர் கூற்று. மனிதனுக்குக் கொடுமை எனப்பட்டது விலங்குக்கு அருள் எனப்பட்டது. இம்முரணுக்கு விடை காண்பது எளிதன்று. ஆயினும் இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொண்டன: புண்ணின் தன்மையைத் தீர்மானிப்பது குண்டைத் தேர்ந்தவன் கையே.

சம்பாவத்தின் உடைந்த பற்கள்

இனி, விலை கொடுத்தவர்களைக் காண்போம். 1907-ஆம் ஆண்டில் குமாயூன் மலைநாட்டின் சம்பாவத் என்னும் ஊருக்கருகில் ஜிம் கார்பெட் ஓர் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றார். நேபாளத்திலும் குமாயூனிலுமாக அது 436 மக்களைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. மாண்டவர்களுள் விறகுக்கும் தழைக்கும் சென்ற பெண்கள் பலர்.

கார்பெட் அன்று எடுத்துச் சென்றவை .500 ரைபிளும் மூன்றே தோட்டாக்களும். மூன்றும் தீர்ந்தபின் ஓடிச் சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் அடிக்கட்டைக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவு இடைவெளி இருந்தது! அதைக் கொண்டே இறுதி வெடியைச் சுட்டார்.

புலி வீழ்ந்தபின் அதன் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை உடைந்து போயிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சுட்ட குண்டின் விளைவு அது. தன் இயல்பான இரையைக் கொல்ல இயலாத நிலையில் அது மனிதரை நாடியது என்று கார்பெட் எழுதினார். தவறாகச் சுட்டதால் நேர்ந்த புண்களையும் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்த புண்களையும் ஆட்கொல்லித் தன்மைக்குரிய தலையாய காரணங்களாக அவர் கூறினார். ஒரு கணத்தில் விரலசைத்துச் சுட்டுவிட்டுச் சென்ற ஒருவன் யாரென்று எவரும் அறியார். அவன் எந்தத் துப்பாக்கியைப் பிடித்தான், எவ்வளவு மருந்து இட்டான் என்பதும் அறியார். அவன் விட்டுச் சென்ற புண்ணை மட்டும் இரு நாடுகள் அறிந்தன.

குறை அந்த ஒருவனுடையது மட்டுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியருக்கு உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்தலை விலக்கியது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. பயிர்க் காவலுக்கென உழவர்க்குக் கிடைத்தவை பெரும்பாலும் வாய்வழி கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளே. தன் வயலைக் காக்க எழுந்த உழவன் அதில் கிடைத்த ரவையையும் இரும்புத் துண்டையும் இட்டுச் சுட்டான். அத்துப்பாக்கி ஒரு புலியைக் கொல்லப் போதாது, புண்படுத்தப் போதும். சிறந்த ரைபிள் பொழுதுபோக்குக்கு வந்தவன் தோளிலும், மிகத் தாழ்ந்த துப்பாக்கி உயிரும் பயிரும் காக்க வேண்டியவன் தோளிலும் இருந்தன.

நம் தமிழகத்துக் காடுகளிலும் இந்நிலை உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், பென்னாகரம், அஞ்செட்டி, சவளகிரி முதலிய பகுதிகளில் ஆட்கொல்லிகளைத் தேடிச் சென்றவர். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலைப் படிப்பவர், கூலியாட்களும் தபால்காரர்களும் மாட்டுக்காரச் சிறுவர்களும் நடந்த பாதைகளில் அச்சம் எவ்வாறு குடியிருந்தது என்பதை உணர்வார்கள்.

நல்ல வேட்டைக்காரர்களிடையே எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. புண்பட்ட விலங்கை அப்படியே விட்டுச் செல்லலாகாது. இரத்தச் சுவட்டைப் பற்றி, புதருக்குள் நடந்து சென்று, அதன் துன்பத்தை முடித்தே திரும்ப வேண்டும். துப்பாக்கியைத் தேர்வதில் அவர்கள் காட்டிய கவனத்துக்கெல்லாம் இக்கடமையே அடிப்படை.

விளக்கொளி வேட்டையும் சட்டமும்

அந்த எழுதாச் சட்டத்தைக் குலைத்தவை மோட்டார் வண்டியும் மின்விளக்கும். இன்று சத்தீஸ்கரில் அடங்கிய கொரியா சமஸ்தானத்தில் 1947-இல் ஒரே இரவில் மூன்று சிவிங்கிப்புலிகள் விளக்கொளியில் சுடப்பட்டன. இந்நாட்டில் அவ்வினத்தைப் பற்றிய கடைசி உறுதியான பதிவுகளுள் அது ஒன்று. 1952-இல் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் ஜீப்பும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளும் பெருகின. நெருங்கிச் செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. புண்பட்டதைப் பின்தொடரும் பொறுமையும் இல்லை.

வரம்பு தேவை என்பதை முன்னரே உணர்ந்தவர் நீலகிரியினர். உதகமண்டலத்தில் 1877-இல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம் அமைத்தனர். வரையாடும் கடமானும் அருகி வருவதைக் கண்டே அவர்கள் கூடினர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. குறித்த காலங்களில் வேட்டையை நிறுத்த அது வழிசெய்தது.

நாடு முழுமைக்குமான வரம்பு வருவதற்கு மேலும் ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு எடுத்த கணக்கில் நாட்டில் 1,827 புலிகளே இருந்தன. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்த ஒன்பது காப்பகங்களுள் நம் கான்ஹாவும் ஒன்று. அங்கே 1970-இல் பாரசிங்கா மான்கள் 66 மட்டுமே எஞ்சியிருந்தன. இன்று அவ்வினம் பல நூறாகப் பெருகியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் நாட்டின் புலிகள் 3,682. பழைய காலடிக் கணக்கும் புதிய காமிராக் கணக்கும் ஒரே முறையின அல்ல. ஆயினும் அழிவு நின்று வளர்ச்சி தொடங்கியது என்பதில் ஐயமில்லை.

மசினகுடியின் மருந்தூசி

காடு செழித்தால் மனிதனுக்கும் புலிக்கும் இடையே உரசல் நேராமல் இராது. 2021-ஆம் ஆண்டில் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட ஓர் ஆண்புலி தேடப்பட்டது. வனத்துறையினர் அதற்கு டி-23 என்று பெயரிட்டிருந்தனர். இறந்தவர்கள் எளிய உழைப்பாளிகள். ஊரார் சினமும் அச்சமும் நியாயமானவை. அதை வேட்டையாடவும் ஆணை பிறந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம், உயிரோடு பிடிக்க முயல்க என்று சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியது. மூன்று வாரத் தேடலுக்குப்பின், அக்டோபர் 15-ஆம் நாள், மயக்க ஊசி செலுத்தி அதை உயிரோடு பிடித்தனர். சிகிச்சைக்காக மைசூருக்கு அது கொண்டு செல்லப்பட்டது.

அந்த ஊசியைச் செலுத்துவதும் ஒரு துப்பாக்கியே. அதில் வெடிமருந்துக்கு மாறாக அடைத்த காற்றின் விசை பயன்படும். மருத்துவர் புலியின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டு மயக்க மருந்தை அளக்கிறார். குறைந்தால் புலி அரைமயக்கத்தில் புதருக்குள் ஓடிவிடும். மிகுந்தால் மீண்டும் எழாது. தொலைவுக்கேற்ப விசையையும் கூட்டிக் குறைக்கிறார். விசை மிகுந்தால் ஊசி எலும்பைத் தாக்கும். குறைந்தால் இலக்கை எட்டாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஃபோர்சைத் பச்மரிக் காட்டில் தொலைவையும் மருந்தையும் குண்டையும் வைத்துப் போட்ட கணக்கும் இதுவே. அன்று அக்கணக்கின் முடிவில் விலங்கு வீழ்ந்தது. மசினகுடியில் விலங்கும் பிழைத்தது, ஊரும் பிழைத்தது.

கார்டைட்டைச் செய்த மலையும், வேட்டைக்கு வரம்பு வகுத்த மலையும், ஆட்கொல்லியை உயிரோடு பிடித்த மலையும் ஒரே நீலகிரிதான் என்பது தமிழராகிய நமக்கு மகிழ்வு தருவது.

அளவறிந்து செய்தல் நம் குடியிருப்பின் தொழிற்பண்பு. ஒரு கிரெயின் மிகினும் குறையினும் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பவர்கள் நம் பெரியவர்கள். விடுமுறையில் கான்ஹாவுக்கோ பேஞ்சுக்கோ சிறுவர்களை அழைத்துச் செல்லும் தாய்மாரும் தந்தைமாரும், புலியைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், காட்டோரச் சிற்றூர்களில் வாழும் கோண்டு, பைகா மக்களைப் பற்றியும் சொல்லுங்கள். புலி வாழும் காட்டில் அன்றாடம் நடப்பவர்கள் அவர்களே. அவர்களுடைய ஆடுமாடுகளுக்கும் உயிருக்கும் நேரும் இழப்புக்கு உரிய ஈடு காலத்தில் கிடைப்பதும், காடு நிலைப்பதற்கு இன்றியமையாத ஒன்று. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும் தலைமுறையாக நம் பிள்ளைகள் வளர்க என்று சங்கத்தின் ஆண்டுவிழா நாளில் வாழ்த்துகிறோம்.